மூன்று விநாடி

நாகவேணியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தது ராயக்கோட்டை தக்காளி மண்டியில், சார். போன வருஷம் தை மாதம். தக்காளிப் பெட்டிகளுக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். கெட்டிக் காய் ஒரு பக்கம், பழுத்தது ஒரு பக்கம், வெடித்தது பின்னால். தலையைத் தூக்காமல் பிரித்துப் போட்டுக்கொண்டே இருந்தாள். நான் யாரோ என்று தாண்டிப் போயிருப்பேன். அவள்தான் கூப்பிட்டாள். "என்ன சார், வாட்ச் எங்க? கொண்டாரலையா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். எனக்குத்தான் சுருக்கென்றது. பதினைந்து வருஷம் கழித்துப் பார்க்கிற ஆளிடம் முதல் வார்த்தை அதுவா? "ரிட்டயர் ஆயிட்டேன்மா" என்றேன். "நான் இன்னும் ஆகல சார்" என்று சொல்லி, ஒரு பை நிறையக் கெட்டிக் காயாகப் பொறுக்கிக் கொடுத்தாள். வேண்டாம் என்றாலும் விடவில்லை. அவ்வளவுதான். அதற்கப்புறம் பார்க்கவில்லை. டெங்கு. ஐந்து நாள் காய்ச்சல், ஆறாவது நாள் இல்லை. இன்றைக்குப் பதினாறாம் நாள் காரியம். அங்கிருந்துதான் வருகிறேன்.

மன்னித்துக்கொள்ளுங்கள். முன்பின் தெரியாதவர் நீங்கள். பஸ்ஸில் மடியில் கம்ப்யூட்டரைத் திறந்து வைத்திருந்தீர்கள், பக்கத்தில் உட்கார்ந்தவன் கண் சும்மா இருக்கவில்லை. 'சைக்கிள் டைம்' என்று ஒரு கட்டத்தில் விநாடிக் கணக்கு இருந்தது. கழுத்தில் கம்பெனி டேக் வேறு. எலக்ட்ரானிக்ஸா? சர்க்யூட் போர்டு செய்கிற கம்பெனியா? பிளானிங்கில் இருக்கிறீர்களா! நானும் அதில்தான் இருந்தேன் சார். இருபத்திரண்டு வருஷம், ஓசூர் சிப்காட்டில். அதனால்தான் சொல்கிறேன். வீட்டில் யாரிடமும் சொல்ல முடியாது. என் வீட்டுக்காரி போய் ஆறு வருஷம் ஆகிறது. மகனிடம் சொன்னால், 'இன்னுமாப்பா அந்த மூணு விநாடி' என்பான்.

மூன்று விநாடிதான் சார் எல்லாவற்றுக்கும் காரணம். அதை ஒரு ஆள் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு ஆள்கூட.

முதலிலிருந்து சொல்கிறேன். நான் படித்தது ஐ.டி.ஐ., ஃபிட்டர். கம்பெனியில் சேர்ந்தது ஸ்டோரில். கம்ப்யூட்டரை யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. நேர அளவையும் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. பழைய புத்தகக் கடையில் ஒரு புத்தகம் வாங்கி, அகராதி வைத்துக்கொண்டு படித்தேன். ஸ்டாப்வாட்ச் என் சொந்தக் காசு. பிறகு கம்பெனியே என்னைத் தேடி வந்தது. எந்தப் புது ஆர்டர் வந்தாலும், 'பொன்னுரங்கம், ஒரு போர்டுக்கு எத்தனை விநாடி?' என்றுதான் கேட்பார்கள். நான் சொல்கிற விநாடியை வைத்துத்தான் விலை. அதை வைத்துத்தான் எத்தனை ஆள், எத்தனை மிஷின், எத்தனை நாள் எல்லாம். எம்.பி.ஏ. படித்தவர்கள் எல்லாம் இருந்தார்கள் சார். கணக்கு என்னிடம்தான் வரும்.

அந்த வருஷம் கோயம்புத்தூர் பார்ட்டி ஒன்று வந்தது. செல்போனிலிருந்தே கிணற்று மோட்டாரைப் போட, நிறுத்த ஒரு பெட்டி. விவசாயிகளுக்கு. நல்ல சாமான், குறை சொல்ல முடியாது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் போர்டு, இருபத்தைந்து வேலை நாளில் வேண்டும். போர்டு அடிப்பது எங்களுக்குப் பிரச்சினை இல்லை, மிஷின் அடித்துத் தள்ளிவிடும். கடைசியில் மென்பொருள் ஏற்றுகிற இடம்தான் குறுகல். உங்களுக்குத் தெரிந்திருக்கும். போர்டை ஃபிக்சர் பெட்டியில் வைக்க வேண்டும், மூடியை அழுத்த வேண்டும், மென்பொருள் உள்ளே போகும், சரிபார்க்கும், பச்சை விளக்கு வரும், எடுக்க வேண்டும், ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும், ஸ்கேன் பண்ண வேண்டும். அடுத்த போர்டு. நான்கு மேஜை, இரண்டு ஷிப்ட். அவ்வளவுதான் எங்களிடம் இருந்தது.

மிஷின் நேரம் இருபத்தாறு விநாடி. அது கல்லில் எழுதியது. யார் உட்கார்ந்தாலும் இருபத்தாறு. மீதி கை நேரம். கைக்கு எவ்வளவு? அதை எடுக்கத்தான் வாட்சைத் தூக்கிக்கொண்டு போனேன்.

போன நேரம் பாருங்கள், பழைய ஆபரேட்டர்கள் எல்லாரும் வேறொரு அவசர வேலையில். ஜி.எம். சதாசிவம் சார் அன்றைக்கு மத்தியானத்துக்குள் நம்பர் வேண்டும் என்கிறார். கோயம்புத்தூர்க்காரர் கீழே காபி குடித்துக்கொண்டிருக்கிறார். சூப்பர்வைசர் ஆரோக்கியமேரியிடம் யார் சும்மா இருக்கிறார்கள் என்று கேட்டேன். "நாகவேணிதான் சார் இருக்கா. ஆனா புதுப் பொண்ணு. சேந்து பதினஞ்சு நாள்தான் ஆச்சு. அவள வெச்சு எடுக்காதீங்க" என்றாள்.

"கை இருக்கில்ல? போதும்" என்றேன்.

இருபது வயது இருக்கும். ராயக்கோட்டைக்கு உள்ளே ஏதோ ஒரு ஊர். காண்ட்ராக்டில் எடுத்திருந்தார்கள். பதினோரு மாதம் வேலை, அதற்குள் நன்றாகச் செய்கிறவர்களில் இரண்டு மூன்று பேரை கன்ஃபர்ம் பண்ணுவார்கள். மீதிப் பேருக்கு வணக்கம். அவளுக்கு அந்த கன்ஃபர்ம்தான் உயிர். அதை ஆரோக்கியமேரி எனக்கு அப்புறம் சொன்னாள். வேலை நிரந்தரமானால் கல்யாணத்தை இரண்டு வருஷம் தள்ளிப்போடுவதாக அவள் அப்பா வாக்குக் கொடுத்திருந்தாராம். தபால் வழியில் பி.காம். வேறு சேர்ந்திருந்தாள். ஹாஸ்டலில் பாத்ரூம் விளக்கில் படிப்பாள் என்று மற்றப் பெண்கள் கிண்டல் பண்ணுவார்களாம்.

நான் வாட்சோடு போய் நின்றதும் எழுந்து நின்றுவிட்டாள். "உக்காருமா, வேலையப் பாரு" என்றேன். உட்கார்ந்தாள். பிறகு, "சார், இது பரீட்சையா?" என்று கேட்டாள்.

"அப்படியே வெச்சுக்கோயேன்" என்றேன். சும்மா சொன்னதுதான் சார். ஒரு பேச்சுக்கு.

இருபது போர்டு எடுத்தேன். அந்தக் கையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பச்சை விளக்கு வருவதற்கு முன்னாடியே ஸ்டிக்கர் விரலில் இருக்கும். இடது கையால் பழைய போர்டை எடுக்கும்போதே வலது கையில் புதுசு. மூடியை அழுத்துகிற சத்தத்தோடு சத்தமாக ஸ்கேனர் சத்தம். மூச்சு விடுகிறாளா என்றே சந்தேகம். சராசரி பதினோரு விநாடி. வாட்ச் நின்றுவிட்டதோ என்று நான் ஒருதரம் காதில் வைத்துப் பார்த்தேன். பதினாறாவது போர்டில் மூடியின் விளிம்பு விரலைக் கிழித்துவிட்டது. சொல்லவே இல்லை. ஸ்டிக்கரில் சிவப்பாக இருந்ததைப் பார்த்து நான்தான் கேட்டேன். "ஒண்ணுமில்ல சார், நீங்க பாருங்க" என்று விரலைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு அடுத்த போர்டை எடுத்தாள். அந்த ஸ்டிக்கரை மட்டும் மாற்றச் சொன்னேன். கடைசியில் "வெரி குட்" என்று சொன்னேன். நான் யாரிடமும் சுலபத்தில் சொல்கிற வார்த்தை இல்லை அது.

பதினொன்றா, அதைக் கணக்கில் அப்படியே போட முடியாது இல்லையா? உங்கள் கம்பெனியில் எப்படியோ. எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வாட்சோடு ஒருத்தன் எதிரில் நின்றால் எந்த ஆபரேட்டரும் வேகத்தைக் குறைத்துவிடுவான். இன்றைக்கு வேகம் காட்டினால் நாளைக்கு அதுவே டார்கெட் ஆகிவிடும் என்று அவனுக்குத் தெரியும். ஸ்டிக்கர் ஒட்டவில்லை என்று தடவிக்கொண்டிருப்பான், ஸ்கேனரைத் தட்டுவான், மூக்கைத் துடைப்பான். அதனால் எடுத்த நேரத்தில் நூற்றுக்குப் பதினைந்து கழித்துவிடுவோம். அதற்கு எங்கள் டிபார்ட்மெண்டில் பெயரே உண்டு, 'நடிப்புக் கழிவு' என்று. நான் வைத்த பெயர் இல்லை. எனக்கு முன்னாலிருந்தே இருந்தது. பதினொன்றில் பதினைந்து சதவீதம் போனால் ஒன்பது சொச்சம். ஒன்பது என்று போட்டேன். இருபத்தாறும் ஒன்பதும் முப்பத்தைந்து.

ஷிப்டுக்குச் சாப்பாடு, டீ எல்லாம் போக ஏழு மணி நேரம். முப்பத்தைந்தால் வகுத்தால் எழுநூற்று இருபது போர்டு. நான்கு மேஜை, இரண்டு ஷிப்ட், ஒரு நாளைக்கு ஐயாயிரத்து எழுநூற்று அறுபது. தேவை ஐயாயிரத்து அறுநூறு. கச்சிதம்! சதாசிவம் சார் என் தோளில் தட்டினார். "புது மேஜை வாங்க வேண்டாம், புது ஆள் வேண்டாம். விலையும் அவன் கேக்கறதுக்குக் கீழ வருது. பொன்னுரங்கம், நீங்க இல்லாட்டி நாங்க என்ன பண்ணுவோம்?" அந்த மத்தியானமே கையெழுத்தாகிவிட்டது.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரியிடம் சொன்னேன். தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். சந்தோஷமாகச் சொல்கிறேன், ஒரு பொண்ணு பதினோரு விநாடியில் செய்கிறாள் என்று. அவள் என்ன சொன்னாள் தெரியுமா? "நீங்க வாட்ச வெச்சுக்கிட்டு இங்க நின்னா நானும்தான் அவசர அவசரமா திருப்புவேன். அப்புறம் நாளைக்கெல்லாம் அந்த வேகத்துல சுடுன்னா, கரண்டியால போடுவேன்" என்றாள். பேச்சு அப்படித்தான் இருக்கும் அவளுக்கு. தோசையும் போர்டும் ஒன்றா? நான் சிரித்துவிட்டுச் சாப்பிட்டேன்.

லைன் ஆரம்பித்தது. இங்கேதான் கவனிக்க வேண்டும் சார். மூன்றாவது வாரம் கோயம்புத்தூரிலிருந்து மெயில் வந்தது. மென்பொருளில் ஏதோ திருத்தமாம், புது வெர்ஷன். ஏற்றிப் பார்த்தேன். இருபத்தொன்பது விநாடி! இருபத்தாறு இருந்தது இருபத்தொன்பது! யாரிடம் கேட்டு ஏற்றினார்கள்? விலை போட்டது இருபத்தாறுக்கு. அன்றைக்கே உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மூன்று விநாடி, மிச்சமிருந்தது எண்பத்து நாலாயிரம் போர்டு. இரண்டு லட்சத்து ஐம்பத்திரண்டாயிரம் விநாடி. எழுபது மணி நேரம். அதை எழுதி ஜி.எம்.முக்கு மெயில் அனுப்பினேன். அவர் லைனில் என்னைப் பார்த்து, எல்லார் முன்னாலும், "ஏன்யா, மூணு விநாடிக்கு ஒரு மெயிலா?" என்றார். அந்த மெயில் இதோ பையில் இருக்கிறது. பிரிண்ட் எடுத்து வைத்திருக்கிறேன். பதினைந்து வருஷமாக வைத்திருக்கிறேன். தேதி, நேரம் எல்லாம் இருக்கிறது, பாருங்கள்.

வேண்டாமா? சரி.

அதற்கு முன்னால் எவ்வளவு வந்தது என்றா கேட்கிறீர்கள்? முதல் இரண்டு வாரமா? அப்போதும் நாலாயிரத்து எழுநூறைத் தாண்டவில்லைதான். ஆனால் அது பழகாத கை சார். புது லைன் என்றால் முதலில் அப்படித்தான் இருக்கும். போகப் போகச் சரியாகியிருக்கும். அதற்குள்தான் அந்த மூன்று விநாடி வந்து கெடுத்துவிட்டதே.

டீ டயத்தைக் குறைத்தார்கள். பாத்ரூம் போக டோக்கன் வைத்தார்கள். டோக்கன் என் யோசனை இல்லை. ஆரோக்கியமேரி என்னிடம் வந்து சண்டை போட்டாள். "சார், யார் கையிலயும் பதினாறு பதினேழுக்குக் கீழ வரல. நீங்க ஒருநாள் உக்காந்து செஞ்சு பாருங்க."

"நாகவேணி செஞ்சாளே?"

"அவளுக்கே வரல சார்! அவளே பதினேழுலதான் நிக்கறா. ராத்திரி கை வீங்கிருதுன்னு சுடுதண்ணில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கா."

அப்போது நான் என்ன நினைத்தேன் என்றால், இந்த மூன்று விநாடியினால் எல்லாருக்கும் மனசு விட்டுப்போய்விட்டது என்று நினைத்தேன். எட்டமுடியாது என்று தெரிந்தால் கை தானாகத் தளர்ந்துவிடும் இல்லையா?

அப்புறம் அந்த மீட்டிங். கோயம்புத்தூர்க்காரர் மிச்ச ஆர்டரை வேறு கம்பெனிக்குக் கொடுக்கப்போவதாகச் சொல்லிவிட்டார். சதாசிவம் சார் அறையில் நான், ஆரோக்கியமேரி, எச்.ஆர். ஆள் ஒருத்தர். மேஜை மேல் என் கணக்குத் தாள். அவர் நேராக என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க குடுத்தது முப்பத்தஞ்சு. லைன்ல நாப்பத்தாறு வருது. நம்பர் தப்பா, லைன் தப்பா? ஒண்ணு சொல்லுங்க."

"அந்த மூணு விநாடி சார்..."

"அத விடுங்க. நம்பர் தப்பா?"

இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் அப்போது பன்னிரண்டாவது வருஷம் எனக்கு. ஒரு நம்பர் தப்பென்று பேர் வாங்கியதில்லை. ஸ்டோர் பையன் ஆபீஸருக்குச் சமமாக உட்கார்ந்திருக்கிறேன் என்றால் அது எதனால்? நம்பரால். "நம்பர் தப்பில்ல சார்" என்றேன்.

"அப்ப லைன் தப்பு" என்று எச்.ஆர். ஆளிடம் திரும்பினார். பிறகு யாரை வைத்து எடுத்தது என்று கேட்டார். சொன்னேன். "கூப்பிடுங்க" என்றார்.

வந்து நின்றாள். தலையில் தொப்பி, மணிக்கட்டில் போர்டுக்கு ஷாக் அடிக்காமலிருக்க மாட்டுகிற எர்த் பட்டை, அதைக்கூடக் கழற்றாமல் வந்துவிட்டாள். "பொன்னுரங்கம் சார் வந்து பாத்தப்போ எவ்வளவு வேகமா செஞ்சே?" என்றார். "தெரியாது சார்" என்றாள். "பதினொண்ணு" என்று நான் சொன்னேன். "இப்ப எவ்வளவு?" அதற்கும் தெரியாது என்றாள். ஆரோக்கியமேரிதான் மெதுவாக, "பதினேழு சார்" என்றாள்.

"பதினொண்ணுல செஞ்சவ பதினேழுக்கு எதுக்கு வந்தே?"

"அன்னிக்கு ஓடினேன் சார்" என்றாள். "இருபது போர்டுதான சார்? மூச்சப் புடிச்சுக்கிட்டு ஓடிட்டேன். இங்க ஐந்நூறு அறுநூறு வருது. தெனமும் ஓட முடியாது சார்."

ஜி.எம். என் தாளைப் பார்த்தார். "இதுல கைக்கு ஒம்போதுன்னு இருக்கே?"

"எடுத்தது பதினொண்ணு சார். வழக்கமான கழிவு போக ஒம்போது."

அவரும் கீழேயிருந்து வந்தவர்தான். அவருக்கு வழக்கம் தெரியும். "ஓ, நடிப்பாங்க இல்ல, அந்தக் கழிவா?" என்று சிரித்தார். எச்.ஆர். ஆளும் சிரித்தார். "பாத்தீங்களா, பதினொண்ணே நடிப்பு. அப்ப பதினேழு என்ன?" என்றார்.

அந்தப் பொண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. என்னைப் பார்த்தாள். "சார், நான் நடிக்கல சார். நீங்க பாத்தீங்க இல்ல? சொல்லுங்க சார்."

சொன்னேன். நான் பார்த்ததைச் சொன்னேன். "பதினொண்ணுல செஞ்சது உண்மைதான் சார்" என்று சொன்னேன். ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை. இன்றைக்கும் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் கற்பூரம் அடித்துச் சொல்வேன். அவள் "ஆமா சார்" என்று தலையாட்டினாள். நான் அவள் பக்கம் பேசியதாக நினைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அப்படித்தானே பேசினேன்?

கன்ஃபர்ம் லிஸ்டில் மூன்று பேர் இருந்தது. முதல் பேர் அவள் பேர். ஆரோக்கியமேரி எழுதிக் கொடுத்தது. அதை அடித்துவிட்டார்கள். அடித்தது ஜி.எம்., நான் இல்லை. 'செய்ய முடிந்தும் செய்யவில்லை' என்று பக்கத்தில் எழுதியிருந்தார். மற்ற ஆபரேட்டர்கள் மேல் அப்படி எழுத முடியாது பாருங்கள், அவர்களை வாட்ச் வைத்து யாரும் எடுக்கவில்லை. முடியும் என்பதற்கு இவள் ஒருத்திக்குத்தான் சாட்சி இருந்தது. பதினோரு மாதம் முடிந்த அன்றைக்கு டேகை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். அடுத்த வைகாசியில் கல்யாணம். ஆரோக்கியமேரி போய்வந்தாள். எனக்கும் பத்திரிகை வந்தது. அன்றைக்கு ஆடிட் இருந்தது.

அந்த மூன்று விநாடியை மட்டும் அன்றைக்கு அந்த மனுஷன் காது கொடுத்துக் கேட்டிருந்தால், கோயம்புத்தூர்க்காரரிடம் எடுத்துப் பேசியிருந்தால், நாள் நீட்டிக் கொடுத்திருப்பார்கள், லைன் பிழைத்திருக்கும், பொண்ணும் பிழைத்திருக்கும். வேலையில் பிழைத்திருக்கும் என்று சொல்கிறேன். காய்ச்சலுக்கு யார் என்ன செய்ய முடியும்.

ஆரோக்கியமேரிதான் போன் பண்ணினாள், நாகவேணி போய்ட்டா சார் என்று. இரண்டு நாள் யோசித்தேன். காரியத்துக்காவது போகலாம் என்று கிளம்பினேன். இந்த மெயிலை ஏன் எடுத்துக்கொண்டு போனேன் என்று கேட்காதீர்கள். அவர்கள் வீட்டில் என்னைப் பற்றி என்ன பேசி வைத்திருக்கிறார்களோ, நாலு பேர் முன்னால் ஏதாவது கேட்டுவிட்டால் கையில் ஒரு காகிதம் இருக்கட்டும் என்றுதான்.

வாசலில் பந்தல். அவள் வீட்டுக்காரர் முனிராஜ், மண்டியில் லோடு ஏற்றுகிறவர், மொட்டை போட்டிருந்தார். யார் என்று கேட்டார். ஓசூர் கம்பெனியில் கூட இருந்தேன், பொன்னுரங்கம் என்றேன். அந்த மனுஷன் முகம் மாறியது பாருங்கள். சரி, ஆரம்பிக்கப் போகிறது என்று பையில் கையை விட்டேன்.

"வாட்ச் சாரா?" என்றார். என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளே பார்த்து, "யம்மா, வாட்ச் சார் வந்திருக்காரு" என்று கத்தினார். யார் யாரோ வெளியே வந்து பார்க்கிறார்கள். எனக்கு நாற்காலி கொண்டுவந்து போடுகிறார்கள்.

"உங்களப் பத்திப் பேசாத நாளில்ல சார்" என்றார். "மண்டியில யாராச்சும், என்னம்மா இவ்ளோ வேகமா பிரிக்கறேன்னு கேட்டா போதும், கதைய ஆரம்பிச்சுருவா. ஓசூர்ல பெரிய ஆபீஸர் ஒருத்தர், என் கை வேகத்தப் பாத்துட்டு வாட்ச் நின்னுபோச்சான்னு காதுல வெச்சுப் பாத்தாரும்பா. வெரி குட்டுன்னு சொன்னாரும்பா. புள்ளைங்களுக்கு ஆயிரம் தடவ சொல்லியிருக்கா."

நான் சொன்னேன், "அவங்களுக்கு வேல போனது என்னால இல்லீங்க. மென்பொருள் மாத்திட்டாங்க. மூணு விநாடி ஏறிப்போச்சு..." என்று மெயிலை எடுத்து நீட்டினேன். அவர் வாங்கிப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்ற பெரியவர், "என்னப்பா அது, இன்சூரன்ஸா?" என்றார். "இல்ல மாமா, சார் ஏதோ சொல்றாரு" என்று மடித்து என்னிடமே கொடுத்துவிட்டார்.

"வேல போனதெல்லாம் எந்தக் காலம் சார்" என்றார். "அதப் பத்தி அவ ஒண்ணும் சொன்னதில்ல. ஏன் வுட்டுட்டு வந்தேன்னு கேட்டா, அங்க ஓடணும், நம்மளால தெனமும் ஓட முடியாதுன்னு சிரிப்பா. எல போட்டாச்சு, உக்காருங்க. சாப்பிட்டுத்தான் போகணும்."

எனக்கு எவ்வளவு எரிச்சல் வந்தது தெரியுமா சார்? ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட நான் பதில் சொல்லியிருப்பேன். பதினைந்து வருஷமாகப் பதிலைத் தயாராக வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால்தானே சொல்ல முடியும்? சாப்பிடுங்க, சாப்பிடுங்க என்றால்? சாப்பிட்டேன். வடை, பாயசம் எல்லாம் போட்டார்கள். பெரிய பொண்ணுதான் பரிமாறினாள். ரசம் ஊற்றிக்கொண்டே, "அம்மா செஞ்சது நெசமாவே பதினோரு விநாடியா சார்?" என்று கேட்டாள். எல்லாரும் என் இலையைப் பார்க்கிறார்கள். "ஆமாம்மா. பதினொண்ணு" என்றேன். அவ்வளவுதான், எல்லார் முகத்திலும் ஒரு சந்தோஷம். சாட்சி சொல்லிவிட்டேன் இல்லையா.

என்ன சார் விரலை மடித்துக்கொண்டிருக்கிறீர்கள்? கணக்கா? சொல்லுங்கள்.

லைனில் நாற்பத்தாறு, நான் கொடுத்தது முப்பத்தைந்து, வித்தியாசம் பதினொன்று. அதில் மென்பொருள் மூன்று. சரி. மீதி எட்டு எங்கே என்று கேட்கிறீர்கள்.

பிளானிங்கில் இருக்கிறவர் இல்லையா, கேட்கத்தான் செய்வீர்கள். சதாசிவம் சார் கேட்கவில்லை. எச்.ஆர். கேட்கவில்லை. அந்த வீட்டில் ஒருத்தரும் கேட்கவில்லை.

எட்டு கை நேரத்தில் வந்தது சார். ஒன்பது போட்ட இடத்தில் பதினேழு. அதில் இரண்டு, கழிவு. அது நான் கழித்தது. அதை ஒத்துக்கொள்கிறேன். வழக்கம் அது, ஆனாலும் என் கையால் போட்டதுதான், இல்லையென்று சொல்லவில்லை. மீதி ஆறு அவளுடையது. அவள் ஓடியது. நான் ஓடச் சொன்னேனா? வேலையைப் பார் என்றுதான் சொன்னேன். நடிக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி ஓடுவாள் என்று எந்தப் புத்தகத்தில் சார் இருக்கிறது? ஆரோக்கியமேரிக்குத் தெரிந்திருந்தால் அழுத்திச் சொல்லியிருக்க வேண்டும். புதுப் பொண்ணு, வேண்டாம் என்று மட்டும் சொன்னால்? ஏன் வேண்டாம் என்று சொல்லவில்லையே?

சரி விடுங்கள். உங்கள் கம்ப்யூட்டரில் சார்ஜ் போகிறது பாருங்கள், சிவப்பு காட்டுகிறது.

காவேரிப்பட்டணம் ரோடு பிரிகிற இடத்தில் நான் இறங்க வேண்டும். இன்னும் பத்து நிமிஷம் இருக்கும். அந்தக் கம்பெனி இப்போது இல்லை சார். சதாசிவம் சார் மகளோடு மைசூரில் இருக்கிறார், ஞாபகம் தவறிவிட்டது என்கிறார்கள். ஆரோக்கியமேரி ஓசூரில் டெய்லர் கடை வைத்திருக்கிறாள். முனிராஜ் வருகிற திங்கட்கிழமையிலிருந்து மண்டிக்குப் போகிறாராம். பெரிய பொண்ணு எட்டாவது படிக்கிறாள். சின்னவள் ஆறாவது.